பத்து வயதில் பத்தொன்பது நிமிடம்

பத்து வயதுப் பையன் ஒருவன் ஐந்து கிலோமீட்டரை 19 நிமிடத்தில் ஓடி முடிக்கிறான் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 48 வினாடி. வாரம் நான்கைந்து நாள் ஓடும் பெரியவர்கள் பலருக்கே எட்டாத வேகம். பார்ப்பவர்கள் உடனே கணக்குப் போட ஆரம்பிப்பார்கள்: இப்போதே இப்படியென்றால் இருபது வயதில் எப்படி? அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பிப்போகும். ஏனென்றால் அந்த 19 நிமிடத்துக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. உடம்பு எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கிறது, எவ்வளவு பயிற்சி ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது, பிறவியிலேயே வந்தது எவ்வளவு. முதல் இரண்டையும் மற்றப் பிள்ளைகள் பின்னால் வந்து பிடித்துவிடுவார்கள். மூன்றாவதுதான் கூடவே வரும். ஸ்டாப்வாட்ச் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாது.

பிரிட்டனின் தடகளத் தரவரிசைப் பட்டியல்களை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. 13 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் முதல் 20 இடங்களில் இருந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் பெரியவரான பிறகும் முதல் 20-க்குள் இருந்தார். வயது ஏற ஏற இந்தப் பொருத்தம் கூடுகிறது. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2003-இல் 18 வயதில் 5000 மீட்டர் உலக சாம்பியன் ஆனார். 2022-இல் 37 வயதில் மாரத்தானை 2:01:09-இல் ஓடினார். "சின்ன வயசிலேயே தெரிந்துவிடும்" என்று சொல்கிறவர்கள் இவரைத்தான் காட்டுவார்கள். ஆனால் 18 வேறு, 11 வேறு. 18-இல் உடம்பு அநேகமாக வளர்ந்து முடிந்திருக்கும். 11-இல் இனிமேல்தான் எல்லாமே மாறப்போகிறது.

என்ன மாறும் என்பது பையன்களுக்கு ஒரு மாதிரி, பெண்பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. இதைப் பிரித்துப் பார்க்காமல் பயிற்சி கொடுப்பதில்தான் பாதிக் குழப்பம்.

பையன்களுக்குப் பருவ வளர்ச்சி ஒரு வரம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் கூடுகிறது, தசை கூடுகிறது, கால் நீளமாகிறது. சிறுபிள்ளை ஒரே வேகத்தில் ஓட பெரியவரைவிடக் கிலோவுக்கு அதிக ஆக்சிஜன் செலவழிக்கும். கால் நீண்டு, அடிகள் குறைந்து, ஓட்டம் பழகப் பழக அந்த விரயம் தானாகக் குறையும். ஆகவே 12, 13 வயதில் முன்னால் ஓடுகிறவன் பல சமயம் சீக்கிரம் முதிர்ந்தவன்தான். ஒரே வகுப்புப் பையன்களுக்குள் உடல் முதிர்ச்சியில் மூன்று, நான்கு வருஷ வித்தியாசம் சர்வசாதாரணம். மீசை அரும்பியவனுக்குப் பின்னால், இன்னும் குரல் உடையாத ஒரு குட்டிப்பையன் 1500 மீட்டரில் பத்து வினாடி கழித்து வந்து சேர்கிறான் என்றால், நான் குறித்துவைப்பது இரண்டாவது ஆளின் பெயரை.

பெண்பிள்ளைகளுக்கு நிலைமை தலைகீழ். 11, 12 வயதில் ஒல்லியான, லேசான உடம்பு நெடுந்தூரத்துக்கு ரொம்ப வசதி. பூப்பை ஒட்டிக் கொழுப்பும் எடையும் கூடும், இடுப்பு அகலும், ஹீமோகுளோபினோ பையன்களுக்கு ஏறுவதுபோல் ஏறாது. கிலோவுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. ஆகவே தாமதமாக வளரும் பெண் அதிக காலம் வேகமாகத் தெரிவாள். சீக்கிரம் வளர்ந்தவள் 13-இல் திடீரென்று தேங்கிவிட்டதுபோலத் தெரிவாள். ஒன்றரை, இரண்டு வருஷம் நேரம் நகராது. சிலருக்குப் பின்னோக்கியும் போகும். புதிய உடம்புக்கு ஏற்ற பலம் சேர்ந்ததும் மறுபடி நகரும். அந்த இரண்டு வருஷத்தை எப்படிக் கடக்கிறாள் என்பதுதான் அவளுடைய எதிர்காலமே.

அதைக் கெடுக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: "எடை போட்டுவிட்டாய், குறை." அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013-இல் 17 வயதிலேயே உலக சாம்பியன்ஷிப் 1500 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடினார். 2014-இல் 3000 மீட்டரில் உலக ஜூனியர் சாம்பியன். எடையைக் குறைக்கச் சொல்லித் தொடர்ந்து நெருக்கப்பட்டதையும், மூன்று வருஷம் மாதவிலக்கு நின்றுபோனதையும், ஐந்து எலும்பு முறிவுகளையும் 2019-இல் அவரே வெளியே சொன்னார். சாப்பாடு செலவுக்குக் குறைந்தால் உடம்பு முதலில் இனப்பெருக்க ஹார்மோன்களின் செலவை வெட்டும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கினால் எலும்பு கட்டும் வேலை நிற்கும். அதுவும் எந்தக் காலத்தில்? உயரம் வேகமாக ஏறும் உச்சத்தைச் சுற்றியுள்ள இரண்டு வருஷத்தில்தான் பெரியவருக்கு வேண்டிய எலும்புத் தாதுவில் கால்பங்கு சேர்கிறது. அப்போது விட்டதைப் பின்னால் முழுசாக ஈடுகட்ட முடியாது. 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றாலோ, "ஓட்டக்காரிகளுக்கு இது சகஜம்" என்று சொல்லும் பயிற்சியாளரை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி, கையில் உள்ள பிள்ளையை எப்படிப் படிப்பது? ஒரு அளவுநாடாவும் ஒரு நோட்டும் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளக்க வேண்டும்: செருப்பில்லாமல், குதிகால் சுவரில் பட, காலையில். நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பு அமுங்கி மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர்வரை குறையும். ஒருநாள் காலையிலும் அடுத்த தடவை மாலையிலும் அளந்தால் கணக்கே பாழ். சாதாரண வளர்ச்சி வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர். உச்சத்தில் பெண்பிள்ளைகளுக்கு எட்டுவரை, பையன்களுக்கு ஒன்பது, பத்துவரை போகும். சராசரியாகப் பெண்களுக்கு 12 வயதிலும் பையன்களுக்கு 14-இலும் அந்த உச்சம் வரும். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஏறினால் உச்சம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஓடும் தூரத்தில் கால்பங்கைக் குறைத்து, இறக்கத்தில் வேகமாக ஓடுவதையும் தாவல் பயிற்சிகளையும் நிறுத்திவிடலாம். எலும்பு முதலில் நீள்கிறது, கெட்டிப்படுவது சில மாதம் கழித்துத்தான். இந்த இடைவெளியில்தான் முறிவுகள் வருகின்றன.

இரண்டாவது சோதனை 400 மீட்டர். 1500 மீட்டரை 5 நிமிடத்தில் ஓடும் பிள்ளை ஒரு சுற்றுக்கு 80 வினாடி வீதம் ஓடுகிறது. நன்றாக ஓய்வெடுத்த ஒருநாள், அதை ஒரே ஒரு 400 முழுவேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். 68 வந்தால் கையிருப்பு 12 வினாடி; அடியில் வேகம் நிறைய இருக்கிறது, நெடுந்தூரப் பயிற்சி இன்னும் அதைத் தொடவே இல்லை. 75 வந்தால் கையிருப்பு ஐந்துதான். அந்த 5 நிமிடம் பெரும்பாலும் தூரம் ஓடி ஓடிப் பிழிந்தெடுத்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டினாலும் ஒரே இடத்தில் இல்லை.

மூன்றாவது கேள்வி, வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறது? வாரம் 60 கிலோமீட்டர் ஓடி 19 நிமிடம் எடுக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும், பந்து விளையாடிக்கொண்டு வாரம் இரண்டு நாள் மட்டும் ஓடி 19:40 எடுக்கும் பிள்ளைக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்கு யோசனையே தேவைப்படாது.

தூரத்தைத் திறமை என்று நினைப்பது இன்னொரு மயக்கம். 2006-இல் ஒடிசாவில் புதியா சிங் என்ற நான்கு வயதுச் சிறுவன் பூரியிலிருந்து புவனேசுவரம்வரை 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிடத்தில் கடந்தான். நாடே வியந்தது. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம். அதில் தெரிந்தது வேகம் இல்லை, ஒரு குழந்தை எவ்வளவு நேரம் சொன்னபடி கேட்கும் என்பதுதான். அரசு தலையிட்டு நீண்ட ஓட்டங்களுக்குத் தடை போட்டது. பிறகு விளையாட்டு விடுதியில் சேர்த்தார்கள். எதிர்பார்த்த சர்வதேச ஓட்டக்காரர் வரவில்லை. ஒலிம்பிக் மாரத்தானில் 20 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. லண்டன், பாஸ்டன், நியூயார்க் மாரத்தான்களில் குறைந்தபட்ச வயது 18. பத்து வயதுக்கு அரை மாரத்தான் பதக்கம் வாங்கித் தருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கோளாறுகள் எங்கே வரும் என்பது அநேகமாகத் தெரிந்த கதை. 8 முதல் 14 வயதுவரை குதிகால். பின்பக்கம் இரண்டு ஓரத்தையும் விரலால் சேர்த்து அழுத்தினால் "ஆ" என்று கத்தினால், கெண்டைத் தசைநார் வளர்ச்சிக் குருத்தெலும்பை இழுக்கிறது என்று பொருள். அதற்குக் கொஞ்சம் பிறகு முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் முன்பக்கப் புடைப்பு; மண்டிபோட்டால் வலிக்கும், தொட்டால் மேடு தெரியும். இரண்டும் பயமுறுத்தும் வலிகள், ஆனால் வளர்ச்சியோடு போய்விடும். வலி இருக்கும்வரை தூரத்தைப் பாதியாக்கி, கூர்முள் ஷூவைத் தவிர்த்து, கெட்டியான தரையை விட்டுப் புல்லுக்கு மாறினால் பெரும்பாலும் போதும்.

பயப்பட வேண்டியது வேறு. கணைக்கால் எலும்பில் ஒரே ஒரு புள்ளியை ஒரு விரலால் காட்டி "இங்கேதான்" என்று பிள்ளை சொன்னால், அந்தக் காலால் மட்டும் குதிக்கச் சொன்னதும் முகம் சுளித்தால், ராத்திரி படுத்தபிறகும் வலித்தால், அது விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். "எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, ஓடு" என்று அனுப்பியே முழு முறிவானவர்கள் உண்டு. எம்ஆர்ஐ எடுத்துத் தெளிவாகும்வரை ஓட்டம் கிடையாது. மேரி டெக்கர் 1973-இல் 14 வயதில், மின்ஸ்க் நகரில் நடந்த அமெரிக்க-சோவியத் போட்டியில் 800 மீட்டரை வென்றவர். அடுத்த சில வருஷங்கள் கால் எலும்பு விரிசலிலும், தசை உறையில் அழுத்தம் கூடி அறுவை சிகிச்சை செய்துகொள்வதிலும் போயின. 1983 ஹெல்சிங்கி உலக சாம்பியன்ஷிப்பில் 1500, 3000 இரண்டிலும் தங்கம் வென்றபோது வயது 25.

இரும்புச்சத்து அடுத்தது. சோர்வு, பழகிய வேகத்திலேயே மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் நேரம் மோசமாவது: இப்படி இருந்தால் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் பற்றாக்குறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு; ஓடும் பிள்ளைகளுக்கு 30-ஆவது இருக்கட்டும் என்பார்கள் விளையாட்டு மருத்துவர்கள். பரிசோதிக்காமல் மாத்திரை கொடுக்கக் கூடாது. அதிகமான இரும்பும் விஷமே.

10 முதல் 12 வயதுக்கு ஒரு வாரம் எப்படி இருக்கலாம்? ஓட்டத்துக்கு மூன்று நாள், மொத்தம் 15 முதல் 20 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். ஒருநாள் புல்தரையில் 60 மீட்டர் விரைவோட்டம் ஆறு. ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சு முழுசாக ஆறும்வரை நடை. இன்னொரு நாள் சின்ன மேட்டில் எட்டு வினாடி ஏற்றம் ஐந்தாறு. மீதி நாட்களில் நீச்சல், பந்து, மரம் ஏறுவது, எதுவானாலும் சரி. ஒழுங்கமைத்த பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது குழந்தைநல மருத்துவர்கள் சொல்லும் எளிய வரம்பு. பத்து வயதுக்கு எல்லா விளையாட்டும் சேர்த்துப் பத்து மணி. வருஷத்தில் இரண்டு, மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, ஓட்டத்துக்கு விடுமுறை. போட்டிகள் 3000 மீட்டருக்குள். 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப விரட்டி ஓடவிடும் கடுமையான பயிற்சி இந்த வயதில் சீக்கிரம் பலன் காட்டும், அதனால்தான் அதில் ஆசை வருகிறது. பருவத்துக்குப் பிறகு கொடுக்க வேண்டிய மருந்தை முன்கூட்டியே தீர்த்துவிட்டால் 16-இல் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

நார்வே ஓட்டக்காரர் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சனைக் காட்டி இதை மறுப்பார்கள். சின்ன வயதிலேயே திட்டமிட்ட பயிற்சி. 16 வயதில் மைல் 4 நிமிடத்துக்குள். 2021-இல் டோக்கியோவில் 1500 மீட்டர் ஒலிம்பிக் தங்கம். உண்மைதான். அந்தக் குடும்பத்துப் பயிற்சியின் பெரும்பகுதி, வேகம் கூடும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் என்ற பொருளை அளந்து கட்டுக்குள் வைத்த மிதவேகம் என்பதும் உண்மை. அப்படி அளக்காமல், சின்ன வயதிலேயே தூரத்தை அளவில்லாமல் ஓடி 15 வயதில் ஷூவைக் கழற்றி வைத்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

தேக்கம் வரும் காலத்தில் நோட்டில் ஐந்து கிலோமீட்டர் நேரத்தை எழுதுவதை நிறுத்திவிடலாம். உயரம், 60 மீட்டர் நேரம், 400 மீட்டர் நேரம், தூக்கம், வலி இருந்த இடம்: இவ்வளவு போதும். 800 மீட்டருக்கு மாற்றிவிட்டால் பிள்ளைக்கும் புதிய தூரம், ஒப்பிடப் பழைய நேரம் இருக்காது. வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாக உயரம் ஏறும் நிலை வந்ததும், வாரத் தூரத்தை மாதத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வீதம் கூட்ட ஆரம்பிக்கலாம்.