வராத மழையின் காற்று

மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது என் அறை. பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் கூரை, இரவு இரண்டு மணி வரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைச் சுற்றிச் சுற்றி என் மேலேயே போடும். அதனால் கோடை முழுக்க, மாலை ஐந்தானால் மாடிக்குப் போய்விடுவேன். அங்கேயும் சூடுதான். ஆனால் பார்ப்பதற்கு வானம் இருக்கிறதே.

போன செவ்வாய்க்கிழமை மதியமே மேகங்கள் குமுறத் தொடங்கிவிட்டன. சுவரில் மாட்டிய வெப்பமானி 43 காட்டியது. சுவரே கொதிக்கும்போது அது வேறென்ன காட்டும்? கழற்றிக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டேன். 40-க்கு இறங்கியது. அதுவும் போதும்தான்.

நான்கு மணி வரை ஒரே கதை. ஒரு மேகம் தலை தூக்கும், கொஞ்ச தூரம் ஏறும், சோர்ந்து கலைந்துவிடும். பக்கத்தில் இன்னொன்று கிளம்பும், அதுவும் அப்படியே. சமவெளியில் இது அடிக்கடி நடப்பதுதான். தரையில் சூடான காற்று மேலே ஏற ஏற, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. சுற்றியிருக்கும் காற்றைவிடச் சூடாக இருக்கும்வரைதான் அதற்கு ஏற முடியும். ஆனால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பல நாள் வெதுவெதுப்பான வறண்ட காற்று ஓர் அடுக்காகப் படர்ந்திருக்கும், பாத்திரத்துக்கு மூடி போட்டது மாதிரி. கீழிருந்து போகிற காற்று அதில் முட்டி நின்றுவிடும். மலை இருந்தால் அதன் சரிவு காற்றைப் பிடித்து மேலே தள்ளும். சமவெளியில் அப்படித் தள்ள யாருமில்லை. மூடி திறக்காத நாளில் புழுக்கம் மட்டும்தான் மிச்சம்.

செவ்வாயன்று ஐந்தரைக்கு மேற்கில் மூடி திறந்தது. அதுவரை தலை தூக்கித் தூக்கி விழுந்துகொண்டிருந்த மேகங்களில் ஒன்று நிற்காமல் போனது. ஈரம் துளியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பமே மேகத்தை இன்னும் மேலே தூக்கும். அரை மணி நேரத்தில் அதன் உச்சி கொல்லன் பட்டடை போலத் தட்டையாக விரிந்துவிட்டது. உச்சி அப்படி விரிந்தால் மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

நான் கீழே போய், "இன்னைக்கு மழை உறுதி" என்று அறிவித்தேன். கொடியில் கிடந்த துணிகளை அள்ளினேன், ஒரு துண்டைத் தவிர. என் ஒன்பது வயது மகளும் மாடிக்கு வந்துவிட்டாள். மின்னல் வெட்டியதும் எண்ணினோம். இருபத்தேழில் இடி. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி, ஆக ஒன்பது கிலோமீட்டர். இடி காதில் விழுந்துவிட்டால் மின்னலின் எட்டும் தூரத்துக்குள் இருக்கிறோம், உடனே உள்ளே போக வேண்டும். அது தெரிந்தும் குழந்தையை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். தப்புதான். பிறகு படிக்கட்டுக் கதவுக்குள் ஒதுங்கி, கம்பிச் சன்னல் வழியாகப் பார்த்தோம்.

மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் திரை மாதிரி மழை தொங்கிக்கொண்டிருந்தது. கீழ் ஓரம் நைந்து, பாதி வழியிலேயே மறைந்துவிட்டது. தரைக்கு வரவில்லை. அதற்குள் புழுதி எழும்பி வந்தது, பின்னாலேயே காற்று. கதவு படாரென்று அறைந்தது. துண்டு கொடியிலிருந்து கிளம்பி, இரண்டு வீடு தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் அந்தக் குளிர். வெப்பமானியை எட்டிப் பார்த்தபோது 29.

"அப்பா, மழையே வரல. காத்து மட்டும் எப்படி ஜில்லுனு வருது?"

எங்கோ மழை பெய்து குளிர்ந்த இடத்திலிருந்து காற்று வருகிறது என்றுதான் நானும் ரொம்ப வருடம் நினைத்திருந்தேன். அது பாதிக் கதை. விழுகிற துளி வறண்ட காற்றுக்குள் நுழைந்ததும் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்தே பிடுங்குகிறது. ஏறக்குறைய ஒரு கன மீட்டர் காற்றில் ஒரே ஒரு கிராம் நீர் ஆவியானால் போதும், அந்தக் காற்று இரண்டு டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனம் கூடித் தொப்பென்று கீழே விழும், தரையில் மோதும், நாலாபக்கமும் பரவும். நம் முகத்தில் அடித்தது அதுதான். அதாவது அந்தக் குளிர், நமக்கு வராமல் போன மழையே.

இப்படிக் கீழே விழும் காற்றைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 1946, 47-இல் ஹொரேஸ் பயர்ஸ், ராஸ்கோ பிரஹாம் என்ற இரு வானிலை ஆய்வாளர்களின் ஆய்வுக்காக அமெரிக்காவில் விமானங்களை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் ஓட்டினார்கள். மேகம் வளரும்போது மேல்நோக்கிய காற்று, முதிரும்போது இரண்டும், சாகும்போது கீழ்நோக்கிய காற்று மட்டும் என்று வரிசையாகத் தெரிந்தது. கீழே கொட்டும் குளிர்காற்று மேகத்துக்குத் தீனி போடும் சூட்டையே அடைத்துவிடுகிறது. பெரும்பாலான தனி மேகங்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது இதனால்தான். பின்னாளில் டெட்சுயா ஃபுஜிட்டா என்ற வானிலை ஆய்வாளர், சூறாவளிச் சேதத்தை விமானத்திலிருந்து பார்த்தபோது, ஓரிடத்தில் மரங்கள் ஒரு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக நட்சத்திரம் போலச் சாய்ந்து கிடப்பதைக் கவனித்தார். அணுகுண்டு விழுந்த நாகசாகியில் அவர் முன்பு பார்த்த அதே அமைப்பு. மேலிருந்து ஏதோ விழுந்து விரிந்திருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். தரையிறங்கும் விமானங்களை இந்தக் காற்று கவிழ்க்கக்கூடும் என்பதை 1975-இல் நியூயார்க்கில் நடந்த விபத்தை ஆராய்ந்து அவர் சொன்னபோது, பலர் ஒப்புக்கொள்ளவில்லை. பிற்பாடு ரேடாரிலேயே தெரிந்தது.

என் துண்டு விஷயத்தில் எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

ஏழரைக்கு நட்சத்திரங்கள் வந்துவிட்டன. ஒரு துளி இல்லை. கொஞ்ச நேரம் மண்வாசனை மட்டும் அடித்தது. நாலு துளி வேறு யாருக்கோ விழுந்திருக்கும். கீழே, "மழை உறுதின்னீங்களே" என்று எல்லோரும் மாறி மாறிச் சிரித்தார்கள். இருந்தாலும் அன்று சன்னலைத் திறந்துவைத்துப் பதினொரு மணிக்கே தூங்கினேன். கூரை தன் சூட்டை இறக்கத்தான் செய்தது, வெளிக்காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் துண்டு ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடைத்தது. என் நோட்டில் தேதி, மேகம், காற்று, மழை என்று நான்கு கட்டம் போட்டு வைத்திருப்பேன். செவ்வாய்க்கு மழைக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். மகள் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: 'வழியிலேயே தீர்ந்துபோச்சு.'