எந்த மாட்யூலில் பிழை ஒளிந்திருக்கிறது?

மென்பொருளில் பிழை வரக்கூடிய மாட்யூலை (நிரலின் தனிப் பகுதியை) முன்கூட்டியே கணிக்கும் முயற்சி புதிதன்று. நிரலின் கிளைப்பாதைகளை எண்ணிச் சிக்கலை அளக்கும் முறையைத் தாமஸ் மெக்கேப் 1976-லேயே முன்வைத்துவிட்டார். ஆனால் சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் எங்கள் பில்லிங் மென்பொருளை வைத்துப் பார்க்கையில், அந்த எண்ணைக் காட்டிலும் எந்தக் கோப்பை யார், எப்போது மாற்றினர் என்று பதிந்துவைக்கும் கிட் வரலாறே எனக்கு அதிகம் பயன்பட்டது. வரி கணக்கிடும் கோப்பு முழுக்க இஃப்-எல்ஸ் என்னும் நிபந்தனைக் கிளைகளின் அடுக்குகள்; மெக்கேப் அளவில் அதற்கே முதலிடம். எனினும் அதை எவரும் தொடுவதில்லை, புகாரும் வருவதில்லை. தள்ளுபடிக் கோப்போ சிறியது; தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆளாளுக்குக் கைவைப்பதால், ரிலீஸ் முடிந்த மறுவாரமே புகார் டிக்கெட்டுகள் அதன்மேல்தான் குவியும். விண்டோஸ் சர்வர் 2003-ஐ ஆராய்ந்த ஆய்வாளர்கள் நாச்சியப்பன் நாகப்பனும் தாமஸ் பாலும் 2005-இல் ஏறக்குறைய இதையே காட்டினர்: மாறிய வரிகளின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மொத்த வரிகளோடு ஒப்பிட்ட விகிதமாகக் கொண்டால் கணிப்பு நன்கு அமைகிறது.

துல்லியச் சதவீதத்தை மட்டும் மேலாளரிடம் காட்டுவோரை (அப்படிச் சிலர் எல்லாக் குழுவிலும் உண்டு) நான் நம்புவதில்லை. பிழைக் கணிப்பு ஆய்வுகளில் பயன்படும் நாசாவின் பிசி1 தரவுத்தொகுப்பில் 1109 மாட்யூல்களில் 77-இல் மட்டுமே பிழை. எல்லாமே நல்லவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 93 சதவீதம் சரியாகிவிடும். ஆகவே, பிழையுள்ளவற்றுள் எத்தனை பிடிபட்டன, எத்தனை மாட்யூல்கள் வீணாகச் சந்தேகிக்கப்பட்டன என்ற இரண்டையும் தனித்தனியே பார்த்த பின்னரே டெஸ்டர்களின் நேரத்தைப் பங்கிடுகிறேன்.