தெலங்கானாவும் நக்சல்பாரியும்: முதன்மைத் தேர்வுக்கு நான் படித்த முறை

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில், கம்யூனிஸ்ட் தலைமையிலான விவசாயிகள் எழுச்சிகளை விடுதலைக்குப் பிந்தைய வரலாறாக முதல் பொதுத்தாளிலும், வளர்ச்சிக்கும் தீவிரவாதப் பரவலுக்கும் உள்ள தொடர்பாக மூன்றாம் தாளிலும் கேட்கலாம். இரண்டையும் தனித்தனியே படித்தால் மக்கள் ஏன் எழுந்தார்கள் என்பதும் அரசு என்ன செய்தது என்பதும் ஒட்டாமலே நின்றுவிடும். ஆகவே நான் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் ஊரில் நடந்ததையும், வலப்பக்கத்தில் அதே காலத்தில் அரசு எடுத்த நடவடிக்கையையும் ஆண்டுவாரியாக எழுதிப் படித்தேன்.

இம்முறை அதிகம் கைகொடுத்தது தெலங்கானாவுக்குத்தான். ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் தேஷ்முக்குகள் என்ற பெருநிலக்கிழார்கள் வாங்கிய கூலியில்லாத வெட்டி வேலையும் நிலப்பறிப்பும் இடப்பக்கத்தின் தொடக்கம். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் விஸ்னூர் தேஷ்முக்கின் ஆட்கள் போராளி தொட்டி கொமரய்யாவைச் சுட்டுக் கொன்றது அடுத்த வரி. 1948 செப்டம்பரில் ஐந்தே நாட்களில் நிஜாமையும் அவருக்கு ஆதரவான ஆயுதப்படையினரான ரஜாக்கர்களையும் பணியவைத்த இந்திய ராணுவம், பின்னர் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் மீது திரும்பியது. போராட்டம் அத்துடன் முடிந்ததாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். அது 1951 அக்டோபர் வரை நீடித்தது. 1949இல் ஜாகிர் (பிரபுக்களுக்கு வழங்கப்பட்ட வரிவசூல் நிலம்) ஒழிப்பு, 1950இல் குத்தகைச் சட்டம், 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் வினோபா பாவேயின் பூதானம் என்ற நிலக்கொடை இயக்கம் ஆகிய மூன்றும் அந்த இடைவெளியில்தான் வந்தன. நிலச்சீர்திருத்தத்தைத் துரிதப்படுத்தியதில் போராட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே என் கருத்து. அதற்கு இந்தத் தேதிகளே போதிய சான்று. 1952 தேர்தலில் நல்கொண்டாவில் போராட்டத் தலைவர்களில் ஒருவரான ரவி நாராயண ரெட்டி நேருவை விடவும் அதிக வாக்குகள் பெற்றதை மறக்காமல் சேருங்கள்.

மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் நடந்த விவசாயிகள் எழுச்சிக்குச் சில வரிகள் போதும். 1967 மே 24 அன்று காவல் ஆய்வாளர் ஒருவர் கொல்லப்பட்டார். மறுநாள் காவல்துறை சுட்டதில் பெண்கள், குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தனர். இரு உயிரிழப்புகளையும் எழுதுவதே நேர்மை. அப்போது மாநிலத்தை ஆண்ட ஐக்கிய முன்னணியில் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்ததைக் குறிப்பிட்டால் விடை ஆழம் பெறும். 1971இல் ராணுவத்தின் துணையுடன் நக்சல்களுக்கு எதிராக நடந்த ஸ்டீபிள்சேஸ் நடவடிக்கையை, குத்தகைப் பயிரிடுவோரைப் பதிவு செய்த 1978ஆம் ஆண்டின் ஆபரேஷன் பர்காவோடு சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாம் தாளுக்கு 2011 ஜூலை 5 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்றியமையாதது. சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக நியமித்து, ஆயுதம் கொடுத்து, நக்சல்பாரி வழிவந்த மாவோயிஸ்ட்டுகளுக்கு எதிரான பணியில் இறக்கியது அரசமைப்புக்கு எதிரானது என அது கூறியது.