கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஐந்து நாள்

நம் மலேசியாவில் கோடைக்காலம் என்று தனியே ஒன்று கிடையாது. ஆகவே வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் கோடை முகாம் என்று அழைப்பது இங்கே பள்ளி விடுமுறை முகாமாகிவிடுகிறது. நுண்கலைப் படிப்பின் இறுதி ஆண்டில், கோலாலம்பூரிலுள்ள ஓர் ஓவிய அருங்காட்சியகத்தின் சிறுவர் முகாமில் பயிற்சி மாணவியாக இருந்தேன். நான் பிறந்து வளர்ந்த பந்திங் வட்டாரத்துத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கான முகாம் அது. முதல் நாள் அவர்களைப் பேருந்தில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். மீதி நான்கு நாள்களும் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக் காட்டின் நடுவேயுள்ள பொது மண்டபத்தில் நடந்தன.

பயிற்சி மாணவி என்ற பெயர் கலையோடு தொடர்புடையதாகத் தோன்றினாலும், வேலை பெரும்பாலும் வாளியோடும் துடைப்பத் துணியோடும்தான். காலையில் கத்தரிக்கோல்களை எண்ணிக் கொடுப்பது, மாலையில் எண்ணி வாங்குவது, இடைப்பட்ட நேரத்தில் தூரிகைகளைக் கழுவுவது என்று பொழுது போனது. கத்தரிக்கோல் கணக்கு ஒருநாளும் ஒரே தடவையில் சரியாக வந்ததில்லை.

அருங்காட்சியகத்தில் தாள் ஓவியங்கள் இருந்த அறைக்குள் நுழைந்ததும் ஒரு பையன், "கரண்டு பில் கட்டலையா அக்கா?" என்று உரக்கக் கேட்டான். நீர்வண்ண ஓவியங்களின் மீது லக்ஸ் என்ற ஒளி அளவையில் ஏறத்தாழ 50க்கு மேல் ஒளி விழாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். வெளிச்சம் பட்ட நிறம் மங்கிக்கொண்டே போகும், போன நிறம் திரும்பாது. இதை எப்படி விளக்குவது என்று தயங்கியபோது, வீட்டு வாசலில் மாட்டிய சாமிப் படத்தில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துப்போய், முருகன் நீலமாக நிற்பது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு முருகன் இருந்தார்.

ஓவியத்தின் முன் பிள்ளைகளை உட்காரவைத்து மூன்றே கேள்விகளைக் கேட்க எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்னென்ன தெரிகிறது? உளவியலாளர் அபிகேல் ஹௌசனும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனாவைனும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. ஓவியர் பெயர், ஆண்டு, கருத்து எதையும் நாமாகச் சொல்லக்கூடாது. பிள்ளை சொன்னதைச் சரி என்றோ தவறு என்றோ தீர்ப்பளிக்கவும் கூடாது. ஆசிரியர் கேட்டால் சரியான விடை சொல்லியாக வேண்டும் என்று பழகிய தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நானும் அப்படிப் படித்தவள்தான்.

அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் விக்டர் டி'அமிக்கோ என்பவர் 1942இல் சிறுவர் கலை விழா ஒன்றைத் தொடங்கியபோது, பெற்றோரைப் பட்டறைக்குள் விடவில்லையாம். அந்த விதியின் அருமை மண்டபத்தில்தான் புரிந்தது. பிள்ளையை விட்டுவிட்டுப் போன அம்மாக்கள் ஐந்து நிமிடத்தில் சன்னலோரம் திரும்பி வந்து, "வானத்துக்கு நீலம் அடிடா" என்று அதட்டினார்கள்.

இரண்டாம் நாள் வண்ணங்களை நாங்களே செய்தோம். மஞ்சள் கரைசலில் சுண்ணாம்பு சேர்ந்ததும் அது சிவந்தது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதை நான் சொல்லி முடிப்பதற்குள், "இது ஆரத்தி அக்கா" என்று ஒரு சிறுமி முடித்துவைத்தாள். முகாமிலேயே மிகக் குறைந்த செலவில், மிக அதிகச் சத்தத்துடன் நடந்த வகுப்பு அது.

மூன்றாம் நாள்தான் நான் தவறு செய்தேன். ஊரை வரையச் சொன்னபோது, பாதிப் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு என்று வரைந்தார்கள். எங்கள் பக்கம் தட்டையான நிலம். மலை என்று சொல்லிக்கொள்ள ஜுக்ரா குன்று ஒன்றுதான் உண்டு. ஆரத்தி என்று சொன்ன அந்தச் சிறுமி மட்டும் தாள் முழுவதும் சாய்ந்த வரிசைகளில் பச்சைப் புள்ளிகளை வைத்துக்கொண்டே போனாள். என்ன வரைவதென்று தெரியாமல் தவிக்கிறாள் என்று நானாக முடிவு கட்டி, அவள் தூரிகையை வாங்கி, ஒரு புள்ளியின் கீழே தண்டு வரைந்து, இரண்டு மட்டைகளும் போட்டு, "இப்படி மரமாக்கலாம்" என்றேன். அவள் எதுவும் பேசவில்லை. தாளைத் திருப்பி வைத்துவிட்டு, மறுபக்கத்தில் முதல் புள்ளியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய, "இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?" என்ற கேள்வியை அப்போதுதான் கேட்டேன். பள்ளிப் பேருந்து ஓடும்போது மரங்கள் இப்படித்தான் கதவு மாதிரி திறந்து மூடும் என்றாள். சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடப்பட்ட செம்பனை, ஓடும் வண்டியிலிருந்து பார்த்தால் ஒரு கணம் நெடுஞ்சந்தாகத் திறந்து, மறுகணம் மூடி, வேறொரு சாய்வில் மறுபடி திறக்கும். பதினோரு ஆண்டுகள் அதே சாலையில் பள்ளிக்குப் போய்வந்த எனக்கு அதை வரையத் தோன்றியதில்லை.

எஞ்சிய நாள்களில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே மேசைகளைச் சுற்றி வந்தேன்.

கடைசி நாள் மண்டபத்தின் குறுக்கே கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்புகளால் எல்லாப் படங்களையும் தொங்கவிட்டோம். அவளுடைய தாளையும் புள்ளிப் பக்கம் வாசலைப் பார்க்கும்படி மாட்டினோம். ஆனால் மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்ததால், அவள் பாட்டி நின்று பார்த்த நேரம் முழுவதும் தாள் மெல்லத் திரும்பித் திரும்பி, நான் வரைந்த அந்த ஒற்றை மரத்தையும் காட்டிக்கொண்டிருந்தது.