வெண்ணெய் திருடிய அண்ணன்

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, எங்களுக்குப் பிழை திருத்தித் தரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, வெண்ணெய் திருடியது கண்ணனா, அண்ணனா?"

சிவகாசியில், கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துத் தரும் சிறிய டி.டி.பி. நிலையம் நடத்துகிறேன். அப்போது கையில் இருந்தது சிறுவர் கதைப் புத்தகம் ஒன்று. எட்டாம் பக்கத்தைத் திறந்து பார்த்தால், "அண்ணன் உறியில் இருந்த வெண்ணெயைத் திருடினான்" என்று இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் கண்ணன்தான். தட்டச்சு செய்யும் பெண்ணைக் கடிந்துகொண்டேன். "நான் சரியாகத்தான் அடித்தேன், அண்ணாச்சி" என்றாள். தமிழ்99 விசைப்பலகையில் 'அ' இடது கைச் சுண்டுவிரலுக்கு, 'க' வலது கை ஆள்காட்டி விரலுக்கு. கை தவறி மாற்றி அடிக்கிற நெருக்கமில்லை. அதை அன்று நான் யோசிக்கவில்லை.

அதே வாரத்தில்தான் கணினியும் படுக்கத் தொடங்கியது. வேலைக்கு நடுவே திரை நீலமாகும், சோகமுகம் ஒன்று தெரியும், தானாக அணைந்து மீண்டும் கிளம்பும். முதலில் வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு தினமும். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும் ஊர் இது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நேரம் பார்த்து இப்படி.

நீலத்திரையின் அடியில் ஒரு காரணப் பெயர் இருக்கும். ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றது. மறுநாள் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா'. அதற்கடுத்த நாள் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. இப்படி நாளுக்கொரு பெயர் சொல்வதே ஒரு தடயம். ஒரு மென்பொருளோ, கணினியின் உறுப்புகளை இயக்கும் டிரைவர் நிரலோ குற்றவாளி என்றால் பெரும்பாலும் அதே பெயரோடு திரும்பத் திரும்ப வரும். பெயர் மாறிக்கொண்டே இருந்தால் அடித்தளத்தில், குறிப்பாக ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில், கோளாறு இருக்கலாம். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது வைரஸ் என்று முடிவு கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுத்து விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். நிறுவும்போதே பாதியில் 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று நின்றது. பென்டிரைவைத் திட்டிவிட்டு வேறொன்றில் முயன்றேன், ஏறிவிட்டது. திங்கட்கிழமை மதியம் மறுபடியும் நீலம்.

பிறகு சர்வீஸ் தம்பி வந்தார். தூசு தட்டினார், பிராசசருக்குப் புதுப் பசை தடவினார், ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். நம் ஊர் மெக்கானிக்குகளின் முதல் மருந்து அந்த ரப்பர்தான். பற்களில் அழுக்கோ படலமோ இருந்தால் அது உண்மையிலேயே வேலை செய்யும், குறை சொல்ல மாட்டேன். மூன்று நாட்கள் கணினி அசையவில்லை. அந்த மூன்று நாட்களும் ஊரில் கோடை மழை. புகழ் முழுவதும் ரப்பருக்குப் போயிற்று.

நான்காம் நாள் வெயில் அடித்தது. கணினி படுத்தது.

இந்த முறை நானே இறங்கினேன். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் போகாமல் அதிலிருந்தே கணினியைக் கிளப்பினேன். ரேமின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மதிப்பை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்க்கும் நிரல் அது. 8 ஜிபி ரேம் இரண்டு, மொத்தம் 16 ஜிபி. இரவு ஒன்பது மணிக்கு ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் நான்கு சுற்றும் முடிந்து, பிழை பூஜ்யம். ரேம் நிரபராதி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். இந்த விவகாரத்தில் நான் செய்த பெரிய தவறு அதுதான்.

அடுத்து விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு முறை படுத்ததற்கும் 'கர்னல் பவர் 41' என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி. பவர் என்ற சொல்லைக் கண்டதும் மின்சாரக் கோளாறு என்று பிடித்துக்கொண்டேன். உண்மையில் அந்த வரிக்கு, 'முறைப்படி அணைக்கப்படாமல் கணினி மீண்டும் கிளம்பியிருக்கிறது' என்று மட்டுமே பொருள். எதனால் என்று அது சொல்வதில்லை. நான் 3,500 ரூபாய் கொடுத்து, கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டினேன். யுபிஎஸ் பேட்டரியையும் சோதித்தேன், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மறுநாள் இரண்டேகால் மணிக்கு நீலம்.

வழி காட்டியது தட்டச்சுப் பெண்ணின் நோட்டு. கணினி படுக்கும்போதெல்லாம், எந்தப் பக்கம் வரை சேமித்தோம் என்று நேரத்தோடு குறித்து வைத்திருந்தாள். என் கோபத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு என்று நினைக்கிறேன். "அண்ணாச்சி, ஒரு நாள்கூடக் காலையில் படுக்கவே இல்லை" என்றாள். புரட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஒன்று கூட இல்லை, ஐந்துக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. மழை பெய்த மூன்று நாட்களுக்கு நேராக வெறும் தாள்.

நான் சோதனை செய்தது இரவில், ஜன்னலைத் திறந்து வைத்து. கேபினெட்டின் பக்க மூடியைக்கூடச் சர்வீஸ் தம்பி கழற்றியபடியே விட்டிருந்தார். மறுநாள் மூடியை மாட்டினேன். மதியம் ஒரு மணிக்கு, தகர ஷீட் போட்ட அந்த அறையில், அதே சோதனையை மீண்டும் ஓடவிட்டேன். நாற்பது நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

ரேமில் ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒன்று அல்லது பூஜ்யம் என்ற ஒவ்வொரு இலக்கமும், மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போல அது கசிந்துகொண்டே இருப்பதால், சாதாரணமாக 64 மில்லி விநாடிக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை நிரப்பிவிடுகிறார்கள். சூடு ஏறினால் கசிவும் வேகமாகும். நல்ல சில்லு அதைத் தாங்கும். என்னுடையதில் ஏதோ ஒரு மூலை இரவில் தாக்குப்பிடித்து, கத்திரி வெயிலில் கைவிட்டிருக்கிறது.

இரண்டில் எந்த ரேம் என்பதை இன்னும் கண்டுபிடிக்க வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் சோதித்தேன். முதலாவது இரண்டு மணி நேரம் சுத்தமாக ஓடியது. அதே ஸ்லாட்டில் இரண்டாவதைப் போட்டதும் இருபது நிமிடத்தில் சிவப்பு. அதோடு நிறுத்தவில்லை, அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினேன், அங்கேயும் சிவப்பு. ஸ்லாட்டை மாற்றினாலும் பிழை ரேமோடுதான் போகிறது, ஸ்லாட்டுகளைத் தாங்கும் மதர்போர்டு தப்பித்தது. இவ்வளவையும் மதிய வேளைகளில் மட்டுமே செய்தேன், இரண்டு நாட்களாயின.

பில்லும் உத்தரவாதமும் இருந்தன. சேவை மையத்துக்கு அனுப்பினேன். 'சோதித்தோம், குறை ஏதுமில்லை' என்ற சீட்டோடு ஒரு வாரத்தில் அதே ரேம் திரும்பி வந்தது. கைபேசியில் அழைத்து, "சோதித்த அறையில் ஏ.சி. உண்டா?" என்று கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாக நினைத்திருப்பார். சிவப்பு வரிகளின் படங்களையும், எந்த நேரத்தில் எடுத்தவை என்பதையும், நோட்டுப் பக்கத்தையும் அனுப்பி, மூடிய கேபினெட்டுக்குள் வைத்து நான்கு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள் என்று எழுதினேன். பன்னிரண்டு நாட்களில் புது ரேம் வந்தது. அதுவரை 8 ஜிபியோடு தவழ்ந்தோம், ஆனால் ஒரு முறைகூடப் படுக்கவில்லை.

இதற்கிடையில் கண்ணன் நினைவுக்கு வந்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் என்ன எண் என்று சொல்லும் யூனிகோடு அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 'க'வின் எண் 2965. 'அ'வின் எண் 2949. வித்தியாசம் 16, இரும எண்ணில் சரியாக ஒரே ஒரு பிட். ஒன்று பூஜ்யமானால் கண்ணன் அண்ணனாகிவிடுவான். வேறொரு விலைப்பட்டியலில் 150 ரூபாய் என்பது 1%0 என்று இருந்ததும் ஞாபகம் வந்தது. '5' என்ற குறியின் எண் 53, சதவீதக் குறியின் எண் 37. அங்கேயும் 16. இந்த ரேமின் அந்தப் பிட்தான் இதைச் செய்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. தட்டச்சுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க அது போதுமானதாக இருந்தது. கேட்டேன்.

புது ரேம் வந்த பிறகும் வேலை முடியவில்லை. கெட்ட ரேமோடு நிறுவிய விண்டோஸை நம்ப முடியாது என்பதால் அதை மறுபடியும் அழித்து ஏற்றினேன். அந்த ஆறு வாரங்களில் சேமித்த கோப்புகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவைதான், பேக்கப்பில் போனதும் அவைதான். ஏப்ரல் மாதப் பேக்கப்போடு ஒப்பிட முடிந்ததை ஒப்பிட்டேன். புதிதாகச் செய்தவற்றை அச்செடுத்து இரண்டு கட்டாக ஆசிரியர் வீட்டுக்குத் தூக்கிப் போனேன்.

"முழுவதும் மறுபடியும் படிக்க வேண்டுமா தம்பி? யார் செய்த பிழை?"

"மதிய வெயில், ஐயா."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் தாளை எடுத்தார்.