பிக்சல் 3ஏ-யில் லினியேஜ் ஓஎஸ்: கட்டளைகளின் வரிசைக்கான காரணங்கள்

கூகுள் 2019 மே மாதம் வெளியிட்ட பிக்சல் 3ஏ கைபேசிக்கு ஆண்ட்ராய்டு 12-தான் கடைசிப் பதிப்பு. 2022-இல் அதற்கான புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. ஸ்னாப்டிராகன் 670 சில்லும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட அந்தக் கருவி என் அன்றாடத் தேவைகளுக்கு இன்றும் போதுமானதாக இருப்பதால், அதில் லினியேஜ் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தை நிறுவினேன். 2009-இல் ஸ்டீவ் கொண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் திட்டம், அதன் பின்னணியில் இருந்த நிறுவனம் 2016 டிசம்பரில் விலகிக்கொண்ட பிறகு, தன்னார்வலர்களின் முயற்சியால் இந்தப் பெயரில் தொடர்கிறது. தட்டச்ச வேண்டிய கட்டளைகள் அவர்களுடைய தளத்தில் தெளிவாகவே உள்ளன. அவற்றை இங்கே திரும்ப எழுதுவதைவிட, அந்த வரிசை ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று விளக்குவதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

முதல் வேலை பூட்லோடரைத் திறப்பது. கைபேசியை இயக்கியதும் முதலில் ஓடும் சிறு நிரல்களில் ஒன்றான பூட்லோடர், தான் ஏற்றப்போகும் இயங்குதளத்தில் தயாரிப்பாளரின் கையொப்பம் இருக்கிறதா என்று சரிபார்த்த பின்னரே அதற்கு வழிவிடுகிறது. அமைப்புகளில் பதிப்பு எண்ணை ஏழுமுறை தட்டினால் தோன்றும் டெவலப்பர் விருப்பங்களில் பூட்டைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கிங் என்பதை இயக்கி, பிறகு கணினியிலிருந்து பூட்லோடருடன் பேச உதவும் ஃபாஸ்ட்பூட் என்ற கருவி நிரல் வழியாகக் கட்டளை தர வேண்டும். அந்தக் கணமே கைபேசியில் உள்ள படங்கள், குறுஞ்செய்திகள் அனைத்தும் அழிந்துவிடும். இது எரிச்சலூட்டினாலும் வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு: இல்லாவிட்டால், திருடிய ஒருவர் பூட்டைத் திறந்து, தமக்கு வேண்டிய இயங்குதளத்தை ஏற்றி, உள்ளே இருக்கும் தரவுகளை எடுக்க முயலலாம். ஆகவே தேவையானவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்வது இந்தப் படிக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து லினியேஜின் ரெக்கவரியை, அதாவது இயங்குதளத்துக்கு வெளியே நின்று அதை நிறுவவும் அழிக்கவும் உதவும் சிறு நிரலை, ஏற்ற வேண்டும். பிக்சல் 3ஏ-யில் இயங்குதளத்துக்கு ஏ, பி என இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதுப்பிப்பு எழுதப்படும். இதனால் ஓர் இடத்தில் புதிய ஃபர்ம்வேரும் (வன்பொருள் பாகங்களை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மற்றதில் பழையதும் தங்கியிருக்க வாய்ப்புண்டு. அந்த நிலையில் இடம் மாறினால் கருவி எழாமலே போகலாம் என்பதால், இரண்டையும் சமப்படுத்தும் சிறிய கோப்பு ஒன்றை முன்கூட்டியே ஓட்டச் சொல்கிறார்கள். அவசரப்படுபவர்கள் தாண்டிச் செல்லும் படி இதுதான். என் பார்வையில் தாண்டவே கூடாத படியும் இதுதான்.

அதன்பின் ரெக்கவரியில் தரவுப் பகுதியை ஃபார்மேட் செய்துவிட்டு, கணினியிலிருந்து கேபிள் வழியாகக் கோப்பை அனுப்பி நிறுவும் ஏடிபி சைட்லோட் முறையில் இயங்குதளக் கோப்பை அனுப்ப வேண்டும். கணினித் திரையில் எண்ணிக்கை சில வேளைகளில் 47 விழுக்காட்டில் நின்று, கட்டளையைப் படிப்பதில் தோல்வி என்று அறிவித்து, தோல்விக்கான காரணம் 'வெற்றி' என்றும் எழுதிக் காட்டும். இது பிழையன்று, கோப்பு முழுமையாகவே சென்றிருக்கும். கேபிளைப் பிடுங்கிவிடாமல் கைபேசியின் திரையில் வரும் முடிவைப் பார்த்தால் போதும்.

பிளே ஸ்டோர் முதலான கூகுள் செயலிகள் லினியேஜில் சேர்ந்து வருவதில்லை. அவை தேவையென்றால் முதன்முறை இயங்குதளத்துக்குள் நுழைவதற்கு முன்பே தனிக் கோப்பாக நிறுவிவிட வேண்டும். பிறகு சேர்க்க நினைத்தால் தரவுகளை மறுபடியும் அழிக்க நேரிடும். அந்தக் கோப்பில் லினியேஜின் கையொப்பம் இராது என்பதால் ரெக்கவரி எச்சரிக்கும். சரியான இடத்திலிருந்து பதிவிறக்கியதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் தொடரலாம்.

இனி, இழப்புகள். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பூட்லோடர் திறந்திருப்பதாக ஓர் எச்சரிக்கைத் திரை வரும். கைபேசியின் மென்பொருள் மாற்றப்படாததா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையை நம்பியிருக்கும் வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கும். பணப் பரிமாற்றத்துக்கு வேறு கைபேசி இல்லாதவர்கள் இதை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானதும் குறைவாகப் பேசப்படுவதும் ஒன்று உண்டு: ஆண்ட்ராய்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்களைத் தன்னார்வலர்கள் தொடர்ந்து தந்தாலும், மோடம் (கைபேசி வலையமைப்புடன் இணைக்கும் பாகம்) போன்ற பாகங்களுக்கான மூடிய ஃபர்ம்வேரைத் திருத்த அவர்களால் இயலாது. அமைப்புகளில் ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு நிலை புதிய தேதியையும், விற்பனையாளர் தந்த பகுதியின் நிலை 2022-ஐயும் காட்டுவது இதனால்தான்.

எச்சரிக்கைத் திரை பிடிக்கவில்லை என்பதற்காக லினியேஜ் இருக்கும்போதே பூட்லோடரை மீண்டும் பூட்ட முயலக் கூடாது. கையொப்பம் பொருந்தாமல் கைபேசி எழாது. பூட்டியே தீர வேண்டுமென்றால், கூகுளின் ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் டூல் மூலம் குரோம் உலாவியிலிருந்தே பழைய இயங்குதளத்தை ஏற்றிவிட்டு, அதன் பிறகு பூட்டலாம். அப்போதும் தரவுகள் அனைத்தும் அழிந்துவிடும்.