கடுகு கால் கிலோ

புதுப் பாடகர்களைக் கண்டுபிடிக்கும் வியாதி எனக்கு எப்போது தொற்றியது என்று தெரியாது. எந்த அவமானத்தால் முற்றியது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். 2012-இல் என் அக்கா மகன் ஹெட்போனை என் காதில் மாட்டி, "மாமா, நம் கோயமுத்தூர்க்காரர்கள். தமிழிலேயே ராப் பாடுகிறார்கள், கேளுங்கள்" என்றான். ஒரு நிமிடம் கேட்டேன். கழற்றிக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் கல்லூரி ஆண்டு விழாவோடு சரி. நிலைக்காது" என்றேன். அது ஹிப்ஹாப் தமிழா ஆதியும் ஜீவாவும் கொண்டுவந்த முதல் தொகுப்பு. பிறகு அவர்கள் சினிமாவுக்கு இசையமைத்ததும், ஆதி கதாநாயகனாகவே நடித்ததும் ஊருக்கே தெரியும். அக்கா மகனுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். இன்றைக்கும் விசேஷ வீட்டுப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்தால், "ரசம் ஊற்றிக்கொள்ளுங்கள் மாமா, நிலைக்காது" என்கிறான்.

அன்றைக்கு ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். அடுத்த பாடகரை உலகம் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டும்.

கேட்டேன். 2024 தொடக்கத்தில் ஒரு பையனின் பாட்டு காதில் விழுந்தது. துள்ளி எழுந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் "ஒரு புதுக் குரல், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பினேன். சாய் அபயங்கர் என்று பெயர். நான் அனுப்பிய நேரத்தில் அந்தப் பாட்டை ஏற்கெனவே கோடிக்கணக்கில் கேட்டிருந்தார்கள். அவர் பின்னணிப் பாடகர்கள் திப்பு, ஹரிணி தம்பதியின் மகன் என்பதும் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அக்கா மகன் ஒரே ஒரு ரசக் கிண்ணம் படத்தைப் பதிலாக அனுப்பினான்.

இந்த வேலைக்குப் பகை வெளியில் மட்டும் இல்லை, வீட்டிலும் இருக்கிறது. 2015 ஜூலை வரை புதுப் பாட்டுகள் அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள் என்று ஊருக்கொரு கிழமையில் வந்துகொண்டிருந்தன. பிறகு இசை நிறுவனங்களெல்லாம் கூடிப் பேசி, உலகம் முழுக்க வெள்ளிக்கிழமை என்று முடிவெடுத்தன. அந்தக் கூட்டத்தில் எங்கள் வீட்டைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் வாசல் கழுவ வேண்டும், விளக்குத் துலக்க வேண்டும், பொன்மலை வேலாயுதசாமி கோயிலுக்குப் படியேற வேண்டும். காதில் ஹெட்போனோடு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னை அண்டை வீட்டார் பார்க்கும் பார்வையை நான் எழுதப்போவதில்லை.

திங்கட்கிழமை இன்னொரு தொல்லை. அன்று கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். என் போனிலும் அப்படித்தான். ஸ்பாட்டிஃபை என்கிற பாட்டுச் செயலி என் சுவையைக் கண்டறிந்து, வாரந்தோறும் திங்களன்று முப்பது பாட்டுகளை அடுக்கி வைக்கிறது. நானும் கலெக்டரைப் போல ஒவ்வொரு மனுவாக வாங்கி, முகம் மாறாமல் கேட்டு, "பரிசீலிக்கப்படும்" என்று ஒதுக்குகிறேன். முப்பதில் இருபத்தைந்து மனுக்களில் ஒரே குறைதான்: காதலி விட்டுவிட்டுப் போய்விட்டாள், வெளியே மழை பெய்கிறது. எங்கள் கிணத்துக்கடவில் எங்கே அவ்வளவு மழை பெய்கிறது?

என் கண் எப்போதும் தேடுவது ஒரு சின்ன அடையாளத்தைத்தான். ஆயிரம் தடவைக்கும் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டென்றால் அந்தச் செயலி கேட்பவர்களுக்கு எண்ணைக் காட்டாது. 'ஆயிரத்துக்குக் கீழ்' என்று ஒரு குறி மட்டும் போட்டிருக்கும். அரசாங்கப் பட்டியலில் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று போடுகிற மாதிரி. அந்தக் குறியைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு இளகிவிடும்.

அப்படி அகப்பட்டவள்தான் உடுமலைப் பக்கத்துப் பெண். கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆகிறதாம். வீட்டு அறையில், பீரோவின் கதவைத் திறந்து வைத்து, தொங்குகிற சேலைகளுக்கு நடுவே முகத்தை விட்டுப் பாடிப் பதிவு செய்ததாம். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்பது உண்மைதான். பணம் இல்லாதவர்களின் ஸ்டூடியோ அது. குரலில் ஒரு சின்னக் கரகரப்பு இருந்தது, காற்றாடி மில்லின் நிழல் வயலில் சுற்றுவதைப் பற்றி ஒரு சரணமும் இருந்தது. முதல்முறையாக மழை பெய்யாத காதல் பாட்டு! நான் நாற்பது தடவை கேட்டேன். அவளுக்கு எழுதினேன். "அண்ணா, நீங்கள் ஒருவர்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணிக்கை காலை ஆறு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும்தான் ஏறுகிறது" என்று பதில் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

நாற்பது தடவை கேட்டு என்ன பயன்? நாற்பது பேரல்லவா கேட்க வேண்டும். அப்போதுதான் எனக்குப் பஸ் நினைவு வந்தது.

பொள்ளாச்சி உக்கடம் வழித்தடத்துத் தனியார் பஸ்ஸில் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருக்கையில் பஞ்சு இருக்கிறதோ இல்லையோ, ஸ்பீக்கர் இருக்கும். நான் கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். தினமும் ஏறுகிற வண்டியின் டிரைவருக்கு அறுபது வயது நெருங்குகிறது. காலை ஆறு மணி நடைக்கு முருகன் பாட்டு, எட்டு மணிக்குக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டு, பதினோரு மணிக்குத் தக்காளி மார்க்கெட் முடித்து வருகிறவர்கள் தூங்குவதற்கு இளையராஜா, சாயங்காலம் குத்துப்பாட்டு. ஆனால் குத்துப்பாட்டை ஈச்சனாரி தாண்டித்தான் போடுவார். "அதற்கு முன்னால் போட்டால் கால் தானாக அழுத்துகிறதுங்க தம்பி" என்பார். எந்த நேரத்தில் யாருக்கு என்ன பாட்டு என்று கணினிக்குப் பாடம் எடுக்கப் பெரிய பெரிய கம்பெனிகள் ஆள் போட்டிருக்கின்றன. இவர் அதை ஒரு பென் டிரைவில் தாயத்துப் போல மஞ்சள் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

உக்கடத்தில் டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். போனில் பாட்டைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

"பாட்டு நன்றாக இருக்கிறதுங்க. ஆனால் முன்னிசையே ஒரு நிமிடம் வருகிறதே? ஒரு நிமிடத்தில் ஒரு ஸ்டாப்பில் நான் நாலு பேரை இறக்கி ஆறு பேரை ஏற்றிவிடுவேன். இறங்கிப் போனவர் எதைக் கேட்டார்? வெறும் டொய்ங் டொய்ங்."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வினாடி கேட்டால்தான் ஸ்பாட்டிஃபை ஒரு தடவை என்று கணக்கில் சேர்க்கும். இப்போதைய பாட்டுகள் முன்னிசையைச் சுருக்கிக்கொண்டு நேராகப் பல்லவிக்குள் குதிப்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நான் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். மனைவிக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் நான் கண்டுபிடித்த பாட்டின் முன்னிசையை மட்டும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை. பெண்ணிடம் சொன்னேன். இரண்டு நாள் கோபித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பதினான்கு வினாடி முன்னிசையோடு ஒரு பிரதி அனுப்பினாள்.

அதைப் பென் டிரைவில் ஏற்றியபோதுதான் விதி விளையாடியது.

நான் இசைக்குறிப்புச் சொல்லி வைக்க ஒரு சின்ன ரெக்கார்டர் வைத்திருக்கிறேன். மளிகைச் சீட்டை எழுதிக் கொடுத்தால் தொலைத்துவிடுகிறேன் என்பதால், என் மனைவி சில மாதங்களாகச் சாமான் பட்டியலை அதிலேயே பேசி வைக்கிறாள். கம்ப்யூட்டரில் எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் கிடந்தன. அவசரத்தில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டேன். பஸ்ஸில் இருக்கிற மாதிரிப் பழைய பிளேயர்கள் பெயரைப் பார்த்துப் பாட்டுப் போடுவதில்லை. எது முதலில் ஏறியதோ அதை முதலில் போடும்.

மறுநாள் எட்டு மணி வண்டி. டிரைவருக்குப் பின்னால், எல்லோர் முகமும் தெரிகிற மாதிரித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஒத்தக்கால்மண்டபம் நெருங்கும்போது பாட்டு தொடங்கியது. யாரும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கோழியை மடியில் வைத்திருந்த ஓர் ஆத்தா மட்டும் என்னைப் பார்த்து, "ஏன் சாமி, என்னையே பார்க்கிறாய்?" என்றார். சரணத்தில் காற்றாடி மில் வந்தபோது இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கண்டக்டரிடம், "யார் அண்ணா பாடியது?" என்று கேட்டாள். என் வாழ்க்கையில் நான் காத்திருந்த கேள்வி. வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் சொன்னான்: "எங்கள் டிரைவர் அண்ணன் கண்டுபிடித்ததுங்க. வேறு எந்த வண்டியிலும் கிடைக்காது."

நான் மறுத்துச் சொல்ல எழுந்தேன். பாட்டு முடிந்தது. அடுத்து, முழு அதிர்வோடு, எட்டு ஸ்பீக்கரிலும் என் மனைவி:

"கடுகு கால் கிலோ, உளுந்து ரெண்டு கிலோ, சீரகம் நூறு, மிளகு அம்பது..."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் ஆறு மாதமாக வள்ளி கும்மிப் பயிற்சிக்குப் போகிறாள். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் இப்போது கும்மிதான். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த வள்ளி ஒயில் கும்மிக்காகத்தான். பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆசான் ஒரு வரி பாடினால் சுற்றி நிற்பவர்கள் கைதட்டித் திருப்பிப் பாட வேண்டும். அந்தப் பழக்கத்தில் இவள் சாமான் பட்டியலையும் அடிக்கொரு இடைவெளி விட்டு, கும்மித் தாளத்தில் சொல்லியிருக்கிறாள். இதை நான் அதுவரை கவனித்ததில்லை. ஒரு விமர்சகனுக்கு இது இழுக்கு.

பஸ் கவனித்தது. "வரமிளகாய் அரைக் கிலோ" என்றபோது பின் இருக்கையில் கைதட்டல் விழுந்தது. "பழைய புளி வேண்டாம், பழைய புளி வேண்டாம்" என்று அவள் இரண்டு தடவை அழுத்திச் சொன்ன இடத்தைக் கல்லூரிப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். கோழி ஆத்தா, "நல்ல பாட்டு. இது புரிகிறது" என்றார். கடைசி வரி: "போன மாசம் மாதிரி எதையாவது மறந்துவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன்." வண்டியே சிரித்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர் நாலாவது இருக்கையிலிருந்து என்னைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

வண்டி ஈச்சனாரி தாண்டவில்லை. மனைவியிடமிருந்து அழைப்பு. எடுக்கவில்லை. சுந்தராபுரத்தில் மறுபடியும் வந்தது. எடுக்கவில்லை. அன்று கணக்கில் இரண்டு இடத்தில் கூட்டல் தப்பாகப் போட்டேன்.

டிரைவரிடம் அதை அழித்துவிடச் சொன்னேன். "அழிப்பதா? சாயங்கால நடையில் மூன்று பேர் கேட்டார்களுங்க. சின்னதாக இருக்கிறது, நாற்பத்திரண்டு வினாடி. ஒரு ஸ்டாப்புக்குச் சரியாக இருக்கிறது" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அவள் பேசவில்லை. காபியை வைத்தாள். நானாகவே மன்னிப்புக் கேட்கலாம் என்று தொண்டையைச் சரிசெய்தபோது கேட்டாள்:

"ஏனுங்க, அது எத்தனை வினாடி ஓடியது?"

"நாற்பத்திரண்டு."

"முப்பதைத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் கணக்கில் வரும்." கொஞ்ச நேரம் கழித்து, "கடுகு எங்கே?" என்றாள்.

கடுகு வாங்கவில்லை.

மூன்று வாரத்தில் உடுமலைப் பெண்ணின் பாட்டிலிருந்து அந்தக் குறி விலகி, ஆயிரத்து நாற்பது என்று எண் முளைத்தது. அந்த இரண்டு பெண்கள் கல்லூரியில் பரப்பியிருக்க வேண்டும். நான் உடனே அக்கா மகனுக்கு அனுப்பினேன். "மாமா, இது எனக்குத் தெரியும். எட்டு மணி பஸ் பாட்டுதானே? அதற்கு அடுத்தது இருக்கிறதா?" என்று பதில் வந்தது. உடுமலையிலிருந்தும் ஒரு செய்தி வந்தது: "அண்ணா, கடுகு அக்கா யார் என்று தெரியுமா? என் அடுத்த பாட்டில் நடுவே அந்த மாதிரி நாலு வரி வேண்டும். கேட்டுச் சொல்ல முடியுமா?"

கேட்டேன். "எனக்கென்ன வேறு வேலை இல்லையா?" என்றாள்.

நேற்று ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். பீரோவின் கதவு திறந்திருந்தது. சேலைகளுக்கு நடுவே முகத்தை விட்டுக்கொண்டு, "துவரம்பருப்பு ரெண்டு கிலோ" என்று தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். திரும்பாமலேயே, "அங்கே நின்று மூச்சு விடாதீர்கள், பதிவாகிறது. இதை அழித்துவிடுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்" என்றாள்.